அடி உப்பு

உப்பு வாருகிறவர்களுக்குத் தெரியும், ஒரு பாத்தியில் இரண்டு உப்பு இருக்கிறது. மேலே படிவது வெள்ளை உப்பு. பலகையால் மெதுவாக இழுத்து வரம்பில் குவித்தால் வெயிலில் கண் கூசும். அது மூட்டையாகி லொறியில் ஏறிப் போய்விடும். தரையோடு ஒட்டிக் கிடப்பது அடி உப்பு. சுரண்டினால் சேறும் கறுப்புக் கல்லும் உடைந்த சிப்பியும் சேர்ந்து வரும். அதை வாங்க எந்த வியாபாரியும் வரமாட்டான்.

புத்தளத்தில் கடல்நீர் உள்வந்து கிடக்கும் களப்போரத்தில், மஸாஹிரின் உப்பளத்தில் அந்த அடி உப்பை வரம்பு மூலையில் தனியாகக் குவித்து, தென்னோலைக் கிடுகு போட்டு மூடி வைப்பார்கள். "அது டீச்சர்ட சங்கத்துக்கு" என்று வேலையாட்கள் சொல்லிக்கொள்வார்கள். ஏழு வருடமாக அப்படித்தான் நடந்து வந்தது.

டீச்சர் என்றால் அலீமா டீச்சர். படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி றஸீனுக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது, ஆனால் மனசு எட்டு வயதுப் பிள்ளையின் மனசு. அவனை வளர்த்த அனுபவத்தில்தான் டீச்சர் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். வளர்ச்சி பிந்திய பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், வயது போயும் பிள்ளைகளாகவே இருக்கிறவர்கள், இவர்களுக்காகப் பேசுகிற சங்கம். பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டேன் என்றால் டீச்சர் அதிபரின் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். அடையாள அட்டை எடுக்க, மாதக் கொடுப்பனவுக்கு எழுத, கிளினிக்குக்குக் கூட்டிப்போக, ஏற்ற மாட்டேன் என்ற பஸ்காரனோடு சண்டை பிடிக்க, எல்லாத்துக்கும் அவர்தான். சங்கத்துக்கு என்று ஒரு கட்டடம் இல்லை. டீச்சரின் வீட்டு முன் ஹோலில் பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து மஸாஹிரின் உப்பில் கல் பொறுக்குவார்கள். கழுவிக் காயவைத்துச் சின்னப் பைகளில் கட்டி விற்பார்கள்.

அடி உப்பைக் கொடுக்கிறோமே என்று மஸாஹிருக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. டீச்சர் அதைச் சிரித்தே போக்கிவிட்டார்.

"வெள்ள உப்புத் தந்தா எங்கட புள்ளயளுக்கு வேல இல்லாமப் பெய்த்திரும், நானா. கல்லுள்ளதயே தாங்க."

அதன் பிறகு கூச்சம் போய், நாலு பேரிடம் சொல்லிக்கொள்கிற விஷயமாகிவிட்டது. சங்கத்தின் விளையாட்டுப் போட்டிக்கு அவர்தான் பரிசு கொடுத்தார். மாலை போட்டுக் கதிரையில் உட்கார்ந்து படமும் எடுத்தார். அந்தப் படம் அவர் வீட்டு அலுமாரிக்கு மேலே சட்டம் போட்டு நிற்கிறது.

அந்த அலுமாரிக்குப் பின்னால்தான் உள்ளறைக் கதவு. அந்த அறையில்தான் றுஷ்னா இருந்தாள். மஸாஹிரின் மூத்த மகள். இருபத்தேழு வயது.

அவளை யாரும் அடைத்து வைக்கவில்லை, அப்படிச் சொல்வது சரியில்லை. விடிய எழும்பி உம்மா ஜெமீலாவோடு குசினியில் இருப்பாள். வாப்பா உப்பளத்திலிருந்து வந்தால் வாளியும் கோப்பையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, உப்பில் வெடித்த அவர் குதிக்கால்களுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவாள். "நோவுதா, நோவுதா" என்று ஒவ்வொரு கோப்பைக்கும் கேட்பாள். வீட்டுக்கு எடுத்து வருகிற உப்பைச் சுளகில் கொட்டி, மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்குவாள். அந்த வேலையில் அவளை வெல்ல ஆள் கிடையாது. ஜெமீலா ஆணத்துக்குப் போடும் உப்பில் கடுகளவு கறுப்பும் இராது. பொறுக்கும்போது பாட்டுப் படிப்பாள். சொல் இருக்காது, ராகம் மட்டும் இருக்கும்.

ஆனால் முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், ஜெமீலா அவள் கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போய்விடுவாள். உதட்டில் விரலை வைத்து "சத்தம் போடாத, மவள்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவாள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை இது. பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் அவள் சத்தம் போட்டு அழுததும், சனம் திரும்பிப் பார்த்ததும், மறு கல்யாணத்துக்குக் கூட்டிப்போகாமல் விட்டார்கள். பிறகு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் கூட்டிப்போகாமல் விட்டார்கள். இளையவள் பஹ்மிதா வளர்ந்து கல்யாண வயதுக் குமராக, வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் காட்டாமல் விட்டார்கள். டீச்சர் ஏழு வருடத்தில் எத்தனையோ தடவை அந்த வீட்டு ஹோலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். அலுமாரிக்குப் பின்னால் கதவு சாத்தியிருக்கும்.

இந்த வருடம் ஆடி மாதக் கடைசியில், கச்சான் காற்று களப்பிலிருந்து நுரையைத் தூக்கி வரம்பில் அடிக்கிற ஒரு காலையில், டீச்சரின் ஸ்கூட்டி உப்பளத்துக்கு வந்தது. பின்னால் றஸீன், ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் பைலையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. மஸாஹிர் பாத்தியை விட்டு வரம்பில் ஏறினார்.

றஸீன் இறங்கினதும் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டான்.

"ஒங்கட பேர் எழுதியாச்சா?"

அக்காவோடு வீடு வீடாகப் போய் வந்ததில் பிடித்துக்கொண்ட கேள்வி அது. பாண் கடைக்காரனிடமும் கேட்பான், ரோட்டில் நிற்கிற கழுதையிடமும் கேட்பான். வேலையாட்கள் சிரித்தார்கள். உப்புச் சுமந்துகொண்டிருந்த ஹமீட், "எனக்கு எழுதியாச்சு றஸீன் தம்பி, மவுத்துக் கணக்குல" என்றான். றஸீன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

டீச்சர் வந்த விஷயம் இதுதான். ஊர் முகப்பில் பழைய கூட்டுறவுக் கடைக் கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. அதைச் சங்கத்துக்குத் தரச் சொல்லி நாலு வருடமாக அரசாங்கக் கந்தோருக்கு நடந்து, இப்போதுதான் அங்கே ஒரு பெரிய அதிகாரி இறங்கி வந்திருக்கிறார். பகல் நேரத்தில் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற நிலையம். வேலை பழக்கலாம், வாரம் ஒரு நாள் டொக்டர் வருவார், கூட்டிவர ஒரு வேனும் கேட்கலாம். ஆனால் இந்தப் பகுதியில் இருபத்தைந்து பேராவது இருக்க வேண்டும். அதுவும் சும்மா கணக்கு இல்லை. பெயர், பிறப்புப் பத்திரம், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்து. அடுத்த வாரப் புதன்கிழமை கடைசி நாள்.

"எத்தன பேர் சேந்தீக்கி?" என்று மஸாஹிர் கேட்டார்.

"இருவது. இன்னம் அஞ்சு பேர் வேணும். ஒங்கட ஊர்ல ஈக்கிறாங்க எண்டு எனக்குத் தெரியும், நானா. சனம் கதவத் தொறக்குதில்ல. ஒங்கட சொல்லுக்கு இங்க ஒரு மதிப்பு ஈக்கி. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய நீங்க நாலு வார்த்த பேசுங்க."

இதைச் சொல்லும்போது டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது அப்போது மஸாஹிருக்குப் படவில்லை. பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். டீச்சர் கிடுகைத் தூக்கி அடி உப்பைப் பார்த்து, இந்த முறை கல் கூட என்று சிரித்துவிட்டுப் போனார்.

அன்று பகல் ஓரா மீன் ஆணமும் சோறும் சாப்பிட்டு முடிந்த பிறகு மஸாஹிர் ஜெமீலாவிடம் கதையைச் சொன்னார். றுஷ்னா குசினிப் படியில் இருந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெமீலா அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இருவத்தஞ்சில நம்மட புள்ளயும் ஒண்டுதானே?"

"ஞாயித்துக்கிழம கனமூலையால வாறாங்க. மறந்திட்டியா?"

பஹ்மிதாவுக்குக் கனமூலையில் பேசியிருந்தார்கள். நல்ல குடும்பம், பையன் மதுரங்குளியில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். பிள்ளைகள் எத்தனை என்று தரகர் கேட்டபோது, ஒரே மகள்தான் என்று மஸாஹிர் சொல்லியிருந்தார். வாயில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டது. அதன் பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை.

"புதன்கிழமக்குள்ள எழுதினா ஊரெல்லாம் தெரியும். கந்தோர்ல பேர் ஒட்டுவாங்க. நிக்காஹ் முடியட்டும், பொறகு எழுதுவம். அவள் எங்க பெய்த்துரப் போறாள்?"

"அந்தக் கட்டடம் பெய்த்துருமே."

"நாலு ஊட்ல ஈக்கி, ஜெமீலா. நான் பேசினா அவங்க வருவாங்க. எங்கடது இல்லாட்டியும் வேற எங்கயாவது ஒண்டு சேந்துரும்."

ஜெமீலா கோப்பைகளை அடுக்கினாள். "நீங்க பேசினாத்தான் அவங்க வருவாங்க எண்டா, நீங்க எழுதினா எவ்வளவு பேர் வருவாங்க" என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். மஸாஹிர் கேட்காத மாதிரி எழும்பிக் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கூட்டம் வரும், அறைக்கதவைச் சாத்தினால் போதாது. அதனால் வியாழக்கிழமை காலை அவர் றுஷ்னாவை வண்ணாத்திவில்லுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவருடைய தங்கச்சி சிபானா தோட்டத்துக்குள் வீடு கட்டி இருக்கிறாள். பஸ்ஸில் போகிறோம் என்றதும் றுஷ்னாவுக்குச் சந்தோஷம். சுளகைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் சுளகோடு ஏறினால் சனம் பார்க்கும் என்று மஸாஹிர் அதை வாங்கி வாசலில் சாத்திவிட்டு வந்தார். யன்னல் பக்கம் உட்கார்ந்து வழி முழுவதும் பாட்டுப் படித்தாள். அவர் இரண்டு தடவை தொடையில் தட்டி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"பத்து நாள்" என்று சிபானாவிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிறைந்திருந்தது. தொழுகை முடிந்து சனம் எழும்புகிறதுக்குள் மஸாஹிர் மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசினார், அதைச் சொல்லத்தான் வேண்டும். சங்கம் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கட்டடம் கைக்கு வந்து நிற்கிறதைச் சொன்னார். பிள்ளையை வீட்டுக்குள் வைத்து நாம் மவுத்தானால் அந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்டார். கடைசியில் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னார்.

"அல்லாஹ் தந்த புள்ளய ஒளிக்க நாங்க ஆரு?"

சொல்லிவிட்டுச் சபையைப் பார்த்தார். சனம் அவரைப் பார்த்திருந்தது. ஒவ்வொருத்தரும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிற மாதிரி ஒரு அமைதி. முன் வரிசையில் ஹமீட் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தான். மஸாஹிர் ஸலாம் சொல்லி மைக்கை வைத்தார். அப்போது எல்லாத் தலைகளும் பாயைப் பார்த்துக் குனிந்தன. பேச்சு மனசில் தைத்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கனமூலையிலிருந்து இரண்டு வேனில் வந்தார்கள். வட்டிலப்பமும் இறால் பொரியலும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் மர்ளியா, உயர்ந்த குரலில் சிரிக்கிற பொம்பிளை, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் சாத்தியிருந்த சுளகை எடுத்துப் பார்த்து, இது யாருடையது, ஓரம் இவ்வளவு தேய்ந்திருக்கிறதே என்று கேட்டாள். ஜெமீலா என்னுடையது என்றாள். சம்பந்தம் அன்றே முடிவாகிவிட்டது.

புதன்கிழமை மஸாஹிர் உப்பளத்தில் இருந்தார். வெள்ளை உப்பு எடுக்கிற நேரம். மழை வருகிறதுக்குள் மூட வேண்டும் என்று அன்று இரட்டை ஆள் வைத்து வேலை நடந்தது. பின்னேரம் நாலு மணிக்கு டீச்சரின் போன் கோல் வந்தது.

"ஒருத்தரும் வரல்ல, நானா. இருவதுதான்."

"கொஞ்சம் தவணை கேக்க ஏலாதா?"

"கேட்டுப் பாத்தன். கட்டடத்த உரம் வைக்கக் குடுக்கப் போறாங்களாம்." பின்னால் றஸீன் யாரிடமோ பேர் எழுதியாச்சா என்று கேட்பது கேட்டது. "நீங்க பேசினீங்கதானே. அது போதும். நான் உப்புக்கு வாரக் கடைசியில லொறி அனுப்புறன்."

மறு மாதம் அந்தக் கட்டடத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். உர மூட்டை இறக்கின லொறி நின்ற இடத்தில் வெள்ளைத் தூள் கொட்டிக் கிடந்தது. மஸாஹிர் ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் உப்பளத்துக்குப் போனார்.

நிக்காஹ் புரட்டாதிக் கடைசியில் நடந்தது. ஆண்கள் பள்ளியிலும் பெண்கள் வீட்டிலும். அன்று நடந்ததை ஜெமீலா மூன்று நாள் கழித்துத்தான் அவரிடம் சொன்னாள். பெண்கள் பக்கம் சஹன் என்கிற பெரிய சோற்றுத் தட்டு வைக்கிற நேரம், ஒரு சஹனுக்கு ஆறு பேராகச் சுற்றி உட்கார்ந்தார்கள். மர்ளியாவின் சஹனில் ஐந்து பேர். ஆறாவதாக ஒரு குமர் வந்து உட்காரப் போனபோது, மர்ளியா கையை நீட்டித் தடுத்தாளாம்.

"அதில இரிக்காதீங்க மவள். மூத்த புள்ளக்கி எடம் உட்டீக்கன்."

ஜெமீலா கையிலிருந்த தண்ணிக் குவளையைக் கீழே வைத்தாள். மர்ளியா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தப் பிள்ளை சாப்பிட்டிச்சா என்று கேட்டாள். தரகர் கதையோடு வந்த அன்றே அவர்களுக்குத் தெரியுமாம். தன் கூடப்பிறந்தவளுக்கும் அப்படி ஒரு மகன் இருந்து, போன வருடம் மவுத்தாகிவிட்டானாம். சுளகைக் கண்டபோது நீங்களே சொல்லுவீங்க என்று பார்த்தேன் என்று சொன்னாளாம். சோறு முடிகிற வரைக்கும் அந்த இடம் காலியாகவே இருந்தது. அந்தப் பங்கு இறைச்சியை ஒருத்தரும் தொடவில்லை.

மஸாஹிர் கேட்டுக்கொண்டு இருந்தார். பிறகு சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வண்ணாத்திவில்லுக்குப் பஸ் ஏறினார். பத்து நாள் என்று விட்டது இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

றுஷ்னா மெலிந்திருந்தாள். சிபானா மேலே குற்றம் இல்லை, பிள்ளையை நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். "சாப்பிடுறாள், குளிக்கிறாள், ஆனா பாட்டு நிண்டு போச்சு நானா. ஆராவது வந்தா அவளே எழும்பிப் போய் அறைக்குள்ள இரிக்கிறாள். நாங்க சொல்ற இல்ல" என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கொடுத்தார். அவள் வெளியே பார்க்கவில்லை. யாராவது ஏறும்போதெல்லாம் தானாகவே உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டாலும் எழும்பி உள்ளறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள். முன்பு அந்தத் தாழ்ப்பாளை அவளுக்குப் போடத் தெரியாது. சிபானா வீட்டில் பழகியிருக்கிறாள். உப்பளத்திலிருந்து வந்து மஸாஹிர் வாளிக்குப் பக்கத்தில் நிற்பார். யாரும் வரமாட்டார்கள். தானே ஊற்றிக்கொள்வார்.

ஹமீட் அந்தக் கதையை எடுத்தது ஒரு தேத்தண்ணி நேரத்தில். கிடுகு மறைப்புக்குள் இரண்டு பேரும் இருந்து பாண் ரொட்டியைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹமீடுக்குப் பதினாலு வயதில் ஒரு மகன், பேச்சு வராது, ஆளைப் பார்க்கவும் மாட்டான். அது மஸாஹிருக்குத் தெரியும். அன்று மைக்கில் பேசினபோது அவர் மனசில் முதலில் இருந்ததும் ஹமீட்தான்.

"நீ ஏன் ஹமீட் எழுதாம உட்ட? வீட்டு வாசல் வரைக்கும் வந்த கட்டடம்" என்று மஸாஹிர் கேட்டார். கேட்கும்போது கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஹமீட் பாணை மென்று முடித்தான்.

"நீங்க அண்டைக்குப் பேசக்கொள்ள நான் ஒங்கட மொகத்தயே பாத்துட்டு ஈந்தன், நானா. இப்ப சொல்லுவாரு, இப்ப சொல்லுவாரு எண்டு."

"என்னத்த?"

"எனக்கும் ஒரு புள்ள ஈக்கி, முதல்ல அதுட பேர எழுதுங்க எண்டு."

மஸாஹிர் கையிலிருந்த பாண் துண்டைப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். அவ பாட்டுப் படிச்சா எங்கட கிணத்தடிக்குக் கேக்கும். எங்கட ஊட்டுக்காரி அதக் கேட்டுத்தான் புடவ தோய்ப்பா." ஹமீட் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டான். "நாங்க நாலு வாப்பாமார் ஈந்தம். ஒத்தருக்கொத்தர் சொல்லி வச்ச மாதிரி. மஸாஹிர் நானா எழுதட்டும், பொறகு நாங்க எழுதுவம் எண்டு. எனக்கும் ஒரு குமர் ஈக்குதே. பெரிய மனுசன் ஒருத்தர் எழுதினா, நாளைக்கு ஆரும் எங்கள ஒண்டும் சொல்ல ஏலா. நீங்க ஸலாம் சொல்லி மைக்க வச்சிட்டீங்க. வெளியில செருப்புப் போடக்கொள்ள நாங்க நாலு பேரும் ஒத்தர ஒத்தர் பாத்துக்கிட்டம். பெய்த்தம்."

காற்று கிடுகைத் தூக்கித் தூக்கி அடித்தது. நாலும் ஒன்றும் ஐந்து. அவ்வளவுதான் குறைந்தது.

"கேட்டீக்கலாமே ஹமீட். என்னட்ட வந்து ஒரு வார்த்த கேட்டீக்கலாமே."

"நான் ஒங்கட கூலிக்காரன், நானா. ஒங்கட ஊட்ல இல்லாத புள்ளயப் பத்தி நான் எப்பிடிக் கேக்கிற?"

ஹமீட் எழும்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கினான். மஸாஹிர் அந்தக் கிடுகு மறைப்புக்குள்ளேயே வெகுநேரம் இருந்தார். பிறகு போனை எடுத்து டீச்சருக்கு அடித்தார். உப்புக்காக இல்லை, ஒரு பெயர் எழுத வேண்டும், வீட்டுக்கு வர ஏலுமா என்று கேட்டார். டீச்சர் யாருடைய பெயர் என்று கேட்கவில்லை. நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறேன் என்றார்.

மறுநாள் மஸாஹிர் உப்பளத்துக்குப் போகவில்லை. வெள்ளைச் சாரமும் சேர்ட்டும் உடுத்து முற்றத்தில் நின்றார். ஜெமீலா றுஷ்னாவுக்குப் பஹ்மிதாவின் புதுச் சட்டையைப் போட்டு, தலைக்குச் சால்வை போட்டு, ஹோல் கதிரையில் உட்காரவைத்தாள். டீச்சர் வருவார், உன்னைப் பார்க்கத்தான் வருகிறார், போகக்கூடாது என்று மஸாஹிர் மூன்று தடவை சொன்னார். அவளும் தலையாட்டினாள்.

ஸ்கூட்டி சத்தம் வீட்டுக்கு வருகிற சின்ன ஒழுங்கையின் திருப்பத்தில் கேட்டதும் எழும்பினாள். ஜெமீலா கையைப் பிடிக்கப் போனாள், பிடிபடவில்லை. அலுமாரியைச் சுற்றி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.

டீச்சரும் றஸீனும் வந்து உட்கார்ந்தார்கள். மஸாஹிர் கதவடியில் நின்று கூப்பிட்டார்.

"மவள், தொறங்க. வாப்பாதான்."

கதவில் கை வைத்து மெதுவாகத் தட்டினார்.

"றுஷ்னா. டீச்சர் வந்தீக்கிறா. தொறங்க மவள்."

கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து, மூச்சுக் காற்று மாதிரி அவள் குரல் வந்தது.

"சத்தம் போடாத."

மஸாஹிர் கதவில் வைத்த கையை எடுத்தார். அலுமாரிக்கு மேலே மாலையோடு அவர் கதிரையில் உட்கார்ந்திருக்கிற படம் இருந்தது. அதை இறக்கிக் கீழே வைத்தார், பிறகு அதைக் கையில் எடுத்தும் வைத்தும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"எனக்குத் தெரியும், நானா," என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னார். "நாலஞ்சு வருசமாத் தெரியும். இந்த ஹோல்ல இரிந்து தேத்தண்ணி குடிக்கக்கொள்ள உள்ளுக்குப் பாட்டுச் சத்தம் கேட்டீக்கன்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல்ல நீங்க?"

"எல்லார்ட வாசல்லயும் நிண்டு சண்ட புடிச்சன். ஒங்கட வாசல்ல புடிக்கல்ல. கேட்டா உப்பு நிண்டுரும் எண்டு பயம். பன்னெண்டு புள்ளக்கி அந்த உப்புத்தான் வேல." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது என்ட பிழ. அண்டைக்கு உப்பளத்திலயாவது கேட்டீக்கணும்."

கட்டடம் இனி எப்போது கிடைக்கும் என்று மஸாஹிர் கேட்டார். வேறு ஒன்று பார்க்க வேண்டும், பழையபடி முதலிலிருந்து எழுத வேண்டும், மூன்று வருடமோ ஐந்து வருடமோ என்றார் டீச்சர். ஹமீடும் மற்ற மூன்று பேரும் வருவார்களா என்று டீச்சர் கேட்டார். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றார் மஸாஹிர். சொன்ன பிறகு, இந்த வார்த்தையும் மைக்கில் பேசினது மாதிரிதான் டீச்சருக்குக் கேட்டிருக்குமோ என்று இருந்தது.

றஸீன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். எழும்பிப் போய்த் தாழ்ப்பாள் பக்கம் வாயை வைத்து மெதுவாகக் கேட்டான்.

"ஒங்கட பேர் எழுதியாச்சா?"

காதைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றான்.

மஸாஹிர் குசினிக்குப் போனார். மூலையில் சுளகு இருந்தது, இரண்டு மாதத் தூசியோடு. அதைச் சாரத்தால் துடைத்தார். பின் வாசலில் உப்பளத்திலிருந்து கொண்டுவந்த அடி உப்பு அரை மூட்டை கிடந்தது. இரண்டு கை அள்ளிச் சுளகில் போட்டார். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு கல் என்று தெரிந்தது. பாதி உப்பு, பாதி கறுப்பு. ஏழு வருடமாக இதைத்தான் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தார். கதவடியில் நிலத்தில் உட்கார்ந்து, சுளகை ஒரு தடவை புடைத்தார். உப்பு சரசரத்தது. இன்னொரு தடவை புடைத்தார்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே வந்து சுளகின் ஓரத்தைப் பிடித்தது, தேய்ந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தது. சுளகு உள்ளே போனது. கதவு திரும்பவும் சாத்திக்கொண்டது, தாழ்ப்பாளும் விழுந்தது.

டீச்சர் பைலைத் திறந்து தாளை மடியில் வைத்தார்.

"முழுப் பேர் சொல்லுங்க, நானா."

மஸாஹிர் சொன்னார். டீச்சருக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார். அவர் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு, முற்றத்துக்கும் ஒழுங்கைக்கும் கேட்கிற மாதிரி மகளின் பெயரைச் சொன்னார். கிணத்தடிப் பக்கம் புடவை தோய்க்கிற சத்தம் நின்றது.

உள்ளே பாட்டு வரவில்லை. உப்பைக் கிளறுகிற சத்தம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் கதவின் அடியால் ஒரு கறுப்புக் கல் வெளியே வந்தது, விரலால் தள்ளி விட்டது. பிறகு இன்னொன்று. மஸாஹிர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார்.